புள்ளிக்கு அடியில் போய் ஒட்டும் இரண்டாவது வரி: யாராவது உதவுங்களேன்

வணக்கம். பவர்பாயிண்டில் 42 ஸ்லைடு. புல்லட் போட்ட வரி நீளமாகி மடங்கினால், இரண்டாவது வரி எழுத்துக்கு நேராக நிற்காமல் புள்ளிக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. முன்பு இதைச் செய்தவர் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டியே இடம் விட்டிருந்தார். புண்ணியவான்! அதையெல்லாம் ரீப்ளேஸ் போட்டு நீக்கிவிட்டேன்.

ரூலரில் கீழ் முக்கோணத்தை இழுத்தால் சரியாகிறது, ஆனால் அந்தப் பெட்டிக்கு மட்டும். எல்லா ஸ்லைடுக்கும் பொது அச்சான ஸ்லைடு மாஸ்டரில் ஹேங்கிங் (மடங்கும் வரி உள்ளே தள்ளி நிற்கும் அளவு) 0.6 செ.மீ. வைத்தேன், புது ஸ்லைடுகள் கேட்கின்றன, பழையவை அசையவே இல்லை. ரீசெட் அழுத்தினால் உள்தள்ளலோடு சேர்த்து, நான் போட்ட நிறமும் நகர்த்தி வைத்த பெட்டியும் பழைய நிலைக்குப் போய்விடுகின்றன.

நிறத்தைத் தொடாமல் உள்தள்ளலை மட்டும் எல்லா ஸ்லைடிலும் ஒரே மூச்சில் மாற்ற வழி உண்டா? மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) என்றாலும் சரி. எழுதத் தெரியாது, கொடுத்தால் ஒட்டத் தெரியும்.