கொரோனா நேரத்தில் நாய்க்கு உடம்பு சரியில்லை: மருத்துவமனைக்குப் போகலாமா, பொறுக்கலாமா?

மலர்:
எங்கள் நாய்க்குட்டிக்கு ஐந்து மாதம். நேற்று இரவிலிருந்து வாந்தி. குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை, காலையிலிருந்து பேதியும் போகிறது. கடைசித் தடுப்பூசி ஊரடங்கில் தள்ளிப்போய்விட்டது. வீட்டில் வயதான அம்மா இருக்கிறார், அவருக்குச் சர்க்கரை நோய். மருத்துவமனைக்குப் போய்க் கொரோனாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. போகலாமா, ஒரு நாள் பார்க்கலாமா?

சேரன்:
பொறுங்கள் மலர். கண்டதைத் தின்றுவிட்டு வாந்தி எடுக்கும் நாய் பெரும்பாலும் தானே தேறிவிடும். வீடியோ அழைப்பில் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் அம்மாவுக்குத் தொற்று வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? நாய் மேல் எனக்கும் பாசம் உண்டு, ஆனால் இப்போது மனுஷ உயிர்தான் முதலில்.

தேன்மொழி:
நான் கால்நடை மருத்துவமனையில் வேலை செய்கிறேன். சேரன் சார் சொல்வது வளர்ந்த நாய்க்கு, அதுவும் ஓரிரு முறை வாந்தி எடுத்துவிட்டு வாலாட்டிக்கொண்டு திரிகிற நாய்க்குச் சரி. தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது பார்வோவை. 1978-இல் கண்டறியப்பட்ட வைரஸ் அது, இன்றுவரை குட்டிகளைக் கொல்கிறது. குடல் சுவர் சிதைந்து, உடம்பில் நீர் வற்றி, இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடலாம். சீக்கிரம் டிரிப்ஸ் ஏற்றினால் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன. மலர் கேட்கும் அந்த ஒரு நாள்தான் இங்கே முக்கியம்.

சேரன்:
சரி, பார்வோவாகவே இருக்கட்டும். மருத்துவமனை வரவேற்பறையில் கூட்டம் இருக்குமே? அங்கே வேலை செய்யும் உங்களுக்கும் அது ஆபத்து இல்லையா? நகம் வெட்ட, காது சுத்தம் செய்ய என்று இந்த நேரத்திலும் வந்து நிற்கிறார்கள்.

தேன்மொழி:
நகம் வெட்ட வருபவர்கள் மேல் எனக்கும் கோபம்தான். தோல் அரிப்பு, காது அரிப்பு, பழைய மருந்தைத் தொடர்வது எல்லாம் வீடியோவிலேயே முடிந்துவிடும். அதற்கு மறுப்பே இல்லை. ஆனால் வீடியோவில் டிரிப்ஸ் ஏற்ற முடியாதே! எங்கள் இடத்தில் யாரையும் உள்ளே விடுவதில்லை. போனிலேயே விவரம் கேட்டுக்கொள்கிறோம், வாசலில் நாயை வாங்கிக்கொள்கிறோம், முடிவையும் போனில் சொல்கிறோம். உரிமையாளர் வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம்.

கபிலன்:
நாயே கொரோனாவைப் பரப்பிவிடாதா?

தேன்மொழி:
2020 தொடக்கத்தில் ஹாங்காங்கில் ஒரு பொமரேனியன் நாய்க்குச் சோதனையில் தொற்று தெரிந்தது. அதற்குத் தொற்று வந்தது அதை வளர்த்தவரிடமிருந்து. நாய்களுக்கு இது அவ்வளவு எளிதில் ஒட்டுவதில்லை, மனிதருக்குப் பரப்புவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு இருப்பதாகவும் தெரியவில்லை. வீட்டில் யாருக்காவது தொற்று இருந்தால் போனிலேயே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாயின் உடம்பில் மட்டும் சானிடைசர் தடவாதீர்கள். ஆல்கஹாலை நக்கினால் அது நாய்க்கு விஷம், பார்வோ வைரஸோ அதற்கு மசியாது. தரையை ப்ளீச் கரைசலால் துடைத்தால்தான் அது ஒழியும்.

கபிலன்:
அதுவரை பாராசிட்டமால் அரை மாத்திரை?

தேன்மொழி:
தயவுசெய்து வேண்டாம். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் இரண்டுமே நாய்க்கு நஞ்சாகலாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும். வயிறு உப்பி வெறுமனே ஓங்கரிப்பது, ஆண் நாய் முக்கி முக்கியும் சிறுநீர் வராமல் தவிப்பது, ஈறு வெளுத்துப்போவது, நிற்காத வலிப்பு. இவற்றுக்கெல்லாம் ஒரு நாள் பொறுக்கும் பேச்சே கிடையாது.

சேரன்:
வாசலில் ஒப்படைப்பது என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா மருத்துவமனையும் அப்படி நடத்துவதில்லை என்பதை நீங்களும் மறுக்க முடியாது. மலர், முதலில் போனில் கேளுங்கள். உள்ளே வரச் சொன்னால் நீங்கள் போகாதீர்கள். வீட்டில் முதியவர் இல்லாத நண்பர் யாரையாவது அனுப்புங்கள்.

தேன்மொழி:
ஆள் தேடுவதிலேயே மதியம் ஆகிவிடும் சார். மலர், இப்போதே போன் செய்யுங்கள். பார்வோ சந்தேகம் என்று முதலிலேயே சொன்னால் தனியாக வைக்க இடம் ஒதுக்குவார்கள். ஆள் கிடைக்காவிட்டால் முகக்கவசம் போட்டுக்கொண்டு நீங்களே கிளம்புங்கள். குட்டியைத் தரையில் விடாமல் பழைய துணியில் சுற்றித் தூக்கிப் போங்கள், மற்ற நாய்களுக்குப் பரவும் வாய்ப்பு குறையும்.