பேசக் கூப்பிட்டால் படம் எடுக்கிறார்கள்: வழி சொல்லுங்கள்

கல்லூரியில் மாணவர் கலந்துரையாடல் வட்டம் நடத்துகிறோம். முப்பது பேர் போல வருவார்கள். மாணவர் தேர்தலுக்குப் பிறகு இரு தரப்பும் எதிரெதிர் வரிசையில்தான் உட்காருகிறது. ஒருவர் வாயைத் திறந்ததும் எதிரே போன் உயர்கிறது. இரவுக்குள் வெட்டி ஒட்டிய வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நிதானமாகப் பேசுபவர்கள் ஒதுங்கிவிட்டார்கள், கத்துபவர்கள்தான் மிச்சம்.

பட்டிமன்றம் போல அணி பிரித்தோம், கைதட்டலுக்காகவே பேசினார்கள். எதிராளி சொன்னதை அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் பதில் என்ற விதி, நாலைந்து பேர் குழுவில் நன்றாகவே வேலை செய்தது. பெரிய வட்டத்தில் எடுபடவில்லை. அப்புறம் சேத்தம் ஹவுஸ் விதி (1927-இல் லண்டனில் வந்தது): கேட்டதை வெளியே சொல்லலாம், சொன்னவர் யாரென்று சொல்லக்கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள், வீடியோ நிற்கவில்லை.

போனைப் பிடுங்காமல் இந்தப் படமெடுப்பை நிறுத்தியவர்கள் யாராவது உண்டா, எப்படிச் செய்தீர்கள்?