பந்தில் விழுந்த வடு: உங்கள் அனுபவம் என்ன?

நிதானக்கை:
மூன்று வருடம் ஆகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது. மேசையில் கோலால் பந்தை அடித்துப் பாக்கெட்டில் தள்ளும் பூல் ஆட்டத்துக்கு அப்பா வைத்திருந்த பந்து செட். அதில் ஆறாம் நம்பர் பச்சைப் பந்து கைதவறி சிமெண்ட் தரையில் விழுந்து, பாதி அரிசி அளவுக்குச் சில்லு பெயர்ந்துவிட்டது. ஓரம் விரலில் குத்தியது. மேசைத் துணியைக் கிழித்துவிடுமோ என்ற பயத்தில் 1500 நம்பர் உப்புத்தாளை நனைத்து அந்த இடத்தை மட்டும் தேய்த்தேன். அப்புறம் 2000. அப்புறம் கார் பாலிஷ். பளபளவென்று வந்தது, சில்லு போன இடமே தெரியவில்லை.

அன்று மாலையே அப்பாவோடு ஓர் ஆட்டம். ஆறை மெல்ல நடுப் பாக்கெட்டுக்கு அனுப்பினேன். நேராகத்தான் போனது. வேகம் அடங்குகிற கடைசி ஒரு சாண் தூரத்தில், யாரோ சுண்டுவிரலால் தள்ளிவிட்டதுபோல் இடப்பக்கம் விலகிப் பாக்கெட் முனையில் போய் நின்றது. அப்பா பந்தைக் கையில் எடுத்தார். கண்ணைக் கொண்டு பார்க்கவில்லை, கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். அந்த இடம் வந்ததும் விரல் நின்றது. "இதைத் தேய்த்தாயா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

பிறகு வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். மற்றப் பக்கங்களைவிட அங்கே விட்டம் 0.13 மில்லிமீட்டர் குறைவு. பந்துக்கு ஒரு தட்டை முகம் உண்டாக்கி வைத்திருக்கிறேன். குத்துகிற ஓரத்தை மட்டும் இரண்டு இழுப்பு இழுத்து, பள்ளத்தை அப்படியே விட்டிருக்க வேண்டும்.

முதலடி:
என் கதை வேறு. பிரேக், அதாவது அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடியை மட்டும் தனியாகப் பழகிக்கொண்டிருந்தேன், தினமும் ஒரு மணி நேரம். பத்து நாளில், கோலால் அடிக்கிற வெள்ளைப் பந்தில் பால் தெறித்துக் காய்ந்ததுபோல் மங்கல் புள்ளிகள். கிளப்பைப் பார்த்துக்கொள்பவர், நான் பந்தைத் தரையில் அடித்துவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். நான் ஒருமுறைகூடக் கீழே போடவில்லை.

பந்தைத் துடைத்து டியூப் லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தேன். நகத்தால் இழுத்தால் தட்டவே இல்லை. சில்லாக இருந்தால் நகம் மாட்டும். அவரைக் கூப்பிட்டு, பிரேக் அடிக்கிற இடத்தில் துணியைக் காட்டினேன். அங்கேயும் அதே மாதிரி வெளிறிய புள்ளிகள், வரிசையாக. ஓங்கி அடிக்கும்போது பந்து உடனே உருளாது, முதலில் சறுக்கும். லேசாக எம்பித் திரும்பத் துணியில் விழவும் செய்யும். அந்த நொடியின் உராய்வில் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறும் என்று அரமித் பந்துகளைச் செய்கிற சலுக் நிறுவனமே சொல்கிறது. அது தீய்ந்த தடம், விழுந்த காயம் இல்லை. அவர் பார்த்தார், தலையாட்டினார். ஆனால் எல்லார் முன்னாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கவே இல்லை. அதுதான் இன்றும் ஆறவில்லை.

சாக்தூசி:
நிதானக்கை, உங்கள் முடிவு அவசரமாகப் படுகிறது. மெதுவாக ஓடும் பந்து கடைசியில் விலகினால் முதலில் மேசை மட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்தது துணியில் கிடக்கும் சாக் துணுக்கு, கோல் நுனியில் தடவுகிற சுண்ணத்தூள். பந்து மூன்றாவதுதான்.

எனக்கு நடந்தது ஸ்னூக்கரில். கறுப்பு விழுந்தால் அந்தச் சுற்று (ஃபிரேம்) என்னுடையது, முழுப் பந்துக்குக் கொஞ்சம் குறைவான எளிய அடி. வெள்ளைப் பந்து பட்டபோது 'டிக்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'டொப்' என்று கேட்டது. வெள்ளை ஒரு நூல் அளவு எம்பியது, கறுப்பு போக வேண்டிய கோணத்தை விட்டு விலகி மேசை ஓரக் குஷனில் முட்டித் திரும்பியது. பந்தை எடுத்துப் பார்த்தால் மிளகளவு நீலச் சாக் கறை, சரியாகப் பட்ட இடத்தில். கறை இருந்தால் இரண்டு பந்துக்கும் நடுவே உராய்வு கூடிவிடும், நழுவ வேண்டியது ஒட்டி இழுக்கும். அந்தப் பந்தில் கீறலும் இல்லை, சில்லும் இல்லை. அழுக்கு மட்டும்தான்.

நிதானக்கை:
சாக்தூசி, அதே பாதையில் மற்ற பந்துகளைத் துடைத்து விட்டுப் பார்த்தேன். நேராக ஓடின. ஆறு மட்டும், அதுவும் தேய்த்த முகம் அடியில் வரும்போது மட்டும், விலகியது. மேசைமேல் பழி போட முடியாது.

ஈரத்துணி:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், இன்னொரு செட்டாவது பிழைக்கட்டும். நான் பாலியெஸ்டர் பந்து ஒன்றில் மார்க்கர் கறையை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவர் தடவினேன். ஒரு நிமிடத்தில் பளபளப்பு போய்ப் பிசுபிசுத்தது. என் கைரேகை அதில் பதிந்து அப்படியே காய்ந்துவிட்டது.

ஆகவே ரிமூவர், தின்னர், பிளீச் எதுவும் வேண்டாம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் பந்தைப் போடவே போடாதீர்கள், அந்தச் சூடு பந்துக்கு ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திர சோப்பு ஒரு துளி, மென்மையான துணி. ஊற வைக்காமல் உடனே துடைத்துவிட வேண்டும். மங்கல் போகவில்லை என்றால் பந்துக்கென்றே விற்கிற பாலிஷ் போடலாம். பினாலிக் பிசினில் செய்த பந்து என்றால் தீய்ந்த தடம் பெரும்பாலும் குறையும், பாலியெஸ்டர் சீக்கிரமே மறுபடி மங்கும். எதைத் தேய்த்தாலும் பந்து முழுவதையும் சுழற்றிச் சுழற்றித் தேயுங்கள், ஓர் இடத்திலேயே நிற்காதீர்கள். சில்லுப் பள்ளத்தை உடனடிப் பசையால் அடைப்பது வீண் வேலை. அடுத்த நல்ல அடியில் பெயர்ந்து துணியில் விழும். வெள்ளைப் பந்து ஒவ்வொரு அடிக்கும் உழைப்பதால் மற்றவற்றைவிட முந்தித் தேயும், அதை மட்டும் அவ்வப்போது அளந்து பாருங்கள். கடைசியாக மெழுகு. கார் மெழுகு லேசாகப் பூசினால் கறை ஒட்டாது.

நுனிக்காரர்:
ஈரத்துணி சொன்னதில் மெழுகு ஒன்றை ஏற்க மாட்டேன். மெழுகு பூசிய பந்து வழுக்கும், ஒன்றையொன்று உரசும்போது நழுவி வேறு கோணத்தில் ஓடும். கை பழகின கணக்கெல்லாம் தப்பும். அது தேய்ந்த பின்பு மறுபடி வேறு கணக்கு. பந்து எப்போதும் ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம்.

எனக்கு உறுத்துவது பிரேக் கோலுக்குப் போட்ட கெட்டி பினாலிக் நுனி. தோல் நுனிபோல அது அமுங்கிக் கொடுக்காது. நண்பர் புதிதாக வாங்கிய புள்ளி போட்ட வெள்ளைப் பந்தை இரண்டு மாதம் அந்த நுனியால்தான் பிரேக் அடித்தேன். ஒரு நாள் ஜன்னல் வெயிலில் திருப்பியபோது உள்ளே பிறைப் பிறையாகக் கீற்றுகள் தெரிந்தன, நகவெட்டில் விழும் துண்டு அளவுக்கு. மேலே தடவினால் வழவழப்புதான், எந்தப் பாலிஷுக்கும் அது போகாது. அவரிடம் சொல்லிவிட்டு வேறு வாங்கிக் கொடுத்தேன். பழையதை அவர் இன்னும் பயிற்சிக்கு வைத்திருக்கிறார், ஒவ்வொரு முறையும் எனக்குப் பிறைகள்தான் கண்ணில் படும்.

நிதானக்கை, அந்த ஆறு இப்போது எங்கே?

நிதானக்கை:
அப்பாவின் மேசை இழுப்பறையில். தனியாக ஓர் ஆறு வாங்கிச் சேர்த்தேன். மற்றவை இருபது வருடம் உருண்டு இளைத்தவை, புதியது அவற்றைவிடத் துளி பெரிது, பச்சையும் ஒரு சாயல் கூடுதல். முக்கோணத்தில் அடுக்கினால் அதன் பக்கத்தில் மட்டும் ஒரு தாள் நுழைகிற இடைவெளி விழுகிறது. அப்பா அடுக்கும்போது அதைக் கடைசி வரிசைக்குத் தள்ளி வைக்கிறார்.