சந்தைப்பேட்டைக் குடிநீர்க் குழாய்: வடிகட்டி மாற்றுவது எப்படி எளிதாகும்?

கேள்வி (பல்லடம்): குழாயைப் பராமரிப்பவன் நான். வடிகட்டிக் கூடு சுவரோடு ஒட்டி, தரைக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது. ஸ்பேனர் திரும்ப இடமில்லை. மாற்றுவதற்கு மேல்நிலைத் தொட்டி வால்வையே அடைக்க வேண்டியிருக்கிறது. யோசனை சொல்லுங்கள்.

பதில் (பெருந்துறை, பிளம்பர்): அண்ணா, கூட்டை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள், அடியில் வாளி நுழைய வேண்டும். இருபுறமும் பால் வால்வு (ball valve, கைப்பிடியைத் திருப்பி அடைப்பது), கூடவே வடிகட்டியைச் சுற்றி நீர் போக ஒரு பக்கவழிக் குழாய். மூடியில் அழுத்தம் விடும் பொத்தான் இல்லாத கூட்டை வாங்கவே வாங்காதீர்கள். பீமன் வந்தாலும் மூடி கழலாது.

பதில் (கோபி): பக்கவழி வேண்டாமுங்க. திறந்தவர் மூட மறந்தால் ஊரே வடிகட்டாத நீரைக் குடிக்கும். 10 அங்குலக் கூடு போதும், உள்ளூர்க் கடையிலேயே 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வடிகட்டி கிடைக்கும். வெயில் படுமிடத்தில் கண்ணாடிபோல் தெரியும் கூடு வைத்தால் பாசி பிடிக்கும்.

கேட்டவர்: சரி, வால்வு இரண்டு வைக்கிறேன், பக்கவழி வேண்டாம். கூட்டின் ரப்பர் வளையத்துக்கு என்ன தடவுவது?

பிளம்பர்: சிலிக்கான் கிரீஸ். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.