டீம் டின்னருக்கு எந்த நேரம் வைக்கலாம்? ஐடியா சொல்லுங்க

வணக்கம், ஒரு ஹெல்ப் வேணும். ரமலான் மாசத்துல டீம் டின்னர் ஏற்பாடு பண்ற பொறுப்பு என்கிட்ட வந்திருக்கு. நோன்பு வைக்கிறவங்க சூரியன் மறையற வரைக்கும் தண்ணி கூட குடிக்க மாட்டாங்க, அதுக்கப்புறம்தான் பேரீச்சம்பழம் வச்சு நோன்பு திறப்பாங்க, ஆனா டீம்ல ஒருத்தர் ஜைனர், பொழுது சாஞ்சா சாப்பிடவே மாட்டாரு, வெங்காயம் பூண்டு உருளைக்கிழங்குன்னு மண்ணுக்கடியில விளையறது எதையும் தொட மாட்டாரு. அவருக்கு மட்டும் முன்னாடியே பரிமாறினா நோன்பு இருக்கிறவங்க எதிர்ல சாப்பிட சங்கடப்படுவாரே! "ஒருநாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கட்டும்"னு சிலர் சொல்றாங்க, எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்ல, நம்பிக்கையில போய் அட்ஜஸ்ட் பண்ணுன்னா எப்படி? அவங்ககிட்டயே தனித்தனியா கேக்கலாமா, எப்படி கேட்டா மனசு நோகாது? இந்த மாதிரி நடத்தின அனுபவம் இருக்கிறவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.