தம்பிக்கு எச்ஐவி, அம்மா தட்டைத் தனியாக வைக்கிறார்

பட்டர்வொர்த் அக்கா:
தம்பிக்கு 27 வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. போன மாதம் இரத்தப் பரிசோதனையில் எச்ஐவி என்று வந்தது. மருந்து தொடங்கிவிட்டான். முதலில் என்னிடம்தான் சொன்னான், அப்புறம் அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் தட்டு, டம்ளர் எல்லாம் தனி. துணியைக்கூடத் தனியாக ஊற வைக்கிறார். அவன் ஒன்றும் சொல்வதில்லை. வேலை முடிந்து வந்ததும் வெளியே சாப்பிட்டுவிட்டேன் என்று அறைக்குள் போய்விடுகிறான். அவன் சாப்பிட்டிருக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் கூடப்பிறந்த தம்பி, எங்கள் மாமா, போதை ஊசி போட்டு 1999-இல் இதே நோயில் போனவர். "இவன் சிகரெட்கூடத் தொட்டதில்லையே, எப்படி வந்தது?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். அவரிடம் எதைச் சொல்லித் தொடங்குவது?

செந்தூல்வாசி:
தங்கச்சி, நான் உங்கள் மாமா காலத்து ஆள். கோலாலம்பூர் சௌக்கிட் சந்துகளில் ஒரே ஊசியை மூன்று நான்கு பேர் மாற்றிப் போட்டிருக்கிறோம். புது ஊசியைக் கையில் வைத்திருக்கவே பயம், போலீஸிடம் மாட்டினால் உள்ளேதான். எனக்கும் அப்படித்தான் தொற்றியது. 2002-இல் மட்டும் மலேசியாவில் 6,978 பேருக்குப் புதிதாகக் கண்டுபிடித்தார்கள், பெரும்பாலோர் ஊசிக்காரர்கள். 2005 கடைசியில், போதை ஊசிக்குப் பதிலாகக் குடிக்கும் மெத்தடோன் மருந்து வந்தது. மறு வருடம் சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டம் வந்தது. போதைக்காரனுக்கு அரசாங்கமே ஊசி கொடுப்பதா என்று எத்தனையோ பேர் கத்தினார்கள். அந்தத் திட்டத்தால் பிழைத்தவன் நான். எச்ஐவி மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைத்தது, 2007 முதல் சாப்பிடுகிறேன். உங்கள் மாமாவுக்கு இது எதுவும் எட்டவில்லை.

இப்போது புதிதாக வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உடலுறவு வழியாகத்தான். அதிலும் இளம் ஆண்களே அதிகம். அம்மாவிடம் காலம் மாறிவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள். எப்படி வந்தது என்று தம்பியைக் குடைய வேண்டாம். சொல்லத் தோன்றும் நாளில் அவனே சொல்வான்.

ஓய்வுபெற்ற தாதி, கோலாலம்பூர்:
தட்டு, டம்ளர், துணி, கழிப்பறை எதிலும் இது ஒட்டாது. அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். மருந்தை விடாமல் எடுத்தால் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவிலும் பரவாது. ஒருவருக்கு மட்டும் எச்ஐவி இருந்து, மருந்தால் இந்த நிலைக்கு வந்த நூற்றுக்கணக்கான ஜோடிகளை ஐரோப்பாவில் வருடக்கணக்காகக் கவனித்த ஆய்வில், அவர்களுக்குள் ஒரு தொற்றுகூட இல்லை. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதையும் மலேசியா ஒழித்துவிட்டது என்று 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

உலகத்தில் 2010-ஐ விட இப்போது புதுத் தொற்று ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. ஆனால் பக்கத்திலுள்ள பிலிப்பைன்ஸில் இளைஞர்களிடையே ஏறிக்கொண்டிருக்கிறது. தம்பியின் நண்பர்களும் பரிசோதித்துக்கொள்ளட்டும். தொற்று இல்லாதவர்கள் முன்கூட்டியே எடுக்கும் பிரெப் மாத்திரை 2023 முதல் சில அரசு கிளினிக்குகளிலும் உண்டு.

பட்டர்வொர்த் அக்கா:
இருவருக்கும் நன்றி. இன்று காலை பசியாறும்போது அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்படியென்றால் இவன் கல்யாணம் பண்ணலாமா?" என்றுதான் கேட்டார். தட்டு இன்னும் தனியாகத்தான் இருக்கிறது. இன்னொன்று, பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறி மாறி வருகிறது. மாத்திரையை எப்போது எடுப்பது?

ஓய்வுபெற்ற தாதி, கோலாலம்பூர்:
இரண்டு ஷிப்டிலும் அவன் விழித்திருக்கும் நேரமாக ஒன்றைப் பிடியுங்கள், மாலை 6 மணி போல. சில மருந்தைத் தூங்கும் முன்தான் எடுக்கச் சொல்வார்கள், அதனால் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கைப்பேசியில் அலாரம் வைத்து, இரண்டு மாத்திரையைப் பையிலும் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.