என்ஐசியு-வில் 26 நாள்: ஆஸ்பத்திரி கொடுத்த படிவத்தில் என்ன எழுதட்டும்?

கண்டனூர்க்காரன்:
எங்களுக்கு முதல் குழந்தை, பெண். 31 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். 1 கிலோ 380 கிராம். பிரசவம் காரைக்குடியில். அன்று ராத்திரியே ஆம்புலன்ஸில் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். 26 நாள் என்ஐசியு, அதாவது பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்தோம்.

கிளம்பும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். திருப்தி, சுமார், அதிருப்தி என்று டிக் அடிக்கணும். எழுத முடியாமல் கையோடு கொண்டுவந்துவிட்டேன்.

பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். ஆனால் எனக்குக் கிடைத்தது கண்ணாடிக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். அவள் காலில் சிவப்பு விளக்கு எரிகிற ஒரு பட்டை. மானிட்டர் கத்தும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வரும். ஏன் கத்துகிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. டாக்டர் "ஸ்டேபிளா இருக்கு" என்று நடந்துகொண்டே சொல்லிப் போவார்.

என் மனைவி பிள்ளையைத் தொட்டது பன்னிரண்டாம் நாள். அதுவரை அவள் வீட்டில் பீய்ச்சித் தந்த பாலை ஐஸ் டப்பாவில் வைத்து முதல் பஸ்ஸில் கொண்டுபோவேன். ஒருநாள் டப்பாவைத் தூக்கிப் பார்த்த நர்ஸ், "இவ்வளவுதானா?" என்றார். அதை இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

"புள்ளைய உசுரோட குடுத்தவுகளக் கொற சொல்லக் கூடாதுய்யா" என்கிறார் அப்பத்தா. எழுதலாமா, வேண்டாமா?

தேவகோட்டை அம்மா:
எழுதுங்க தம்பி. என் மகன் 32 வாரம், அரசு ஆஸ்பத்திரி. எனக்குப் படுக்க இடமில்லை, வராந்தாவில்தான் கிடந்தேன். ஆனா நாலாம் நாளே பிள்ளையை என் நெஞ்சோட வச்சுத் துணியால கட்டிவிட்டாங்க. கங்காரு முறைன்னாங்க. கொலம்பியாவில் இன்குபேட்டர் பத்தாம 1978-ல ஆரம்பிச்சதாம். பாலாடையில ஊட்ட, எடை குறிக்க எல்லாம் என்னையே பழக்கினாங்க. வீட்டுக்கு வந்தப்ப எனக்குக் கை நடுங்கலை. உங்க வீட்டம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?

என்ஐசியு நர்ஸ் (14 வருஷம்):
சார், அந்த மணி பெரும்பாலும், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கக் காலில் கட்டியிருக்கிற பட்டை நழுவினால் அடிப்பது. பிள்ளை காலை உதைத்தாலே போதும். சில சமயம் குறைமாதக் குழந்தை மூச்சு விட மறந்துபோகும், மூளை இன்னும் முதிராததால். உள்ளங்காலைத் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ளும். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. நாங்கள் சொல்லியிருக்கணும்.

எடை குறைந்த குழந்தையைப் பிறந்த உடனே தாயோடு தோல் ஒட்ட வைக்கணும், நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்கணும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-லேயே சொல்லிவிட்டது. அதனால் பன்னிரண்டு நாளைக் கட்டாயம் எழுதுங்கள். பால் விஷயத்தையும். அப்படி ஒரு சொல் கேட்டால் தாய்க்குச் சுரப்பே குறைந்துபோகலாம்.

அதற்கு முன் ஒன்று: கண் பரிசோதனை ஆச்சா? 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால் 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தே ஆகணும். தாமதமானால் பார்வையே போகலாம். உங்களுக்கு இன்று 28-ஆம் நாள்!

கண்டனூர்க்காரன்:
டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்துக் கடைசியில், இங்கிலீஷில் ஒரு வரி. யாரும் வாயால் சொல்லவில்லை. நாளைக் காலையிலேயே மதுரை போகிறோம்.

கண்டனூர்க்காரன் (மூன்று நாள் கழித்து):
கண் பார்த்தாச்சு. ரத்தக்குழாய் இன்னும் முழுசாக வளரவில்லை, இப்போதைக்குப் பயமில்லை, இரண்டு வாரம் கழித்து வரணும் என்றார்கள். நர்ஸம்மா, நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் நாங்கள் போயிருக்கவே மாட்டோம்.

படிவத்தில் சிகிச்சைக்குத் "திருப்தி" என்று டிக் அடித்தேன். தகவல் சொல்வதற்கு "அதிருப்தி". இடம் பத்தாமல் பின்பக்கம் முழுக்க எழுதினேன்: மணி, பன்னிரண்டு நாள், கண் பரிசோதனை. பால் விஷயம் எழுதும்முன் மனைவியிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அதையும் எழுதுங்க" என்றாள்.

தேவகோட்டை அக்கா, என் மனைவி நன்றாக இருக்கிறாள். நீங்கள் சொன்ன மாதிரி நெஞ்சோடு கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். பாலாடையில் 25 மில்லி இறங்குகிறது.